பவளத் தொட்டியில் கால்சியம் 500-ஐத் தாண்டினால் செய்ய வேண்டியவை

கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 410 முதல் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை இருக்கும். பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் அது 380 முதல் 450 வரை இருந்தால் போதும். என் தொட்டியில் ஒருமுறை அது 520-ஐத் தொட்டது. பவளங்களில் வாட்டம் தெரியவில்லை. ஆனால் ஹீட்டரின் கண்ணாடி மேல், நகத்தால் சுரண்டியும் வராத வெள்ளைப் படிவு ஏறியிருந்தது. கால்சியமும் காரத்தன்மையும் (நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) சேர்ந்து உயரும்போது கால்சியம் கார்பனேட் நீரிலிருந்து பிரிந்து, சூடான இடங்களில்தான் முதலில் படியும். வினிகரில் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும் என்றாலும், நீரைச் சரிசெய்யாதவரை அது திரும்ப வரும்.

முதலில், கால்சியம் சோதனையை மறுநாளும் ஒருமுறை செய்யுங்கள். சோதனைக்கு எடுத்த நீரின் நிறம் முழுமையாக நீலமாகும் வரை சோதனைக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்குங்கள்.

அடுத்தது உவர்ப்பு. நான் தவறியது இங்கேதான். நீரில் உப்பு கூடினால் கால்சியமும் அதே விகிதத்தில் கூடும். உவர்ப்பை அளக்கும் என் ரிஃப்ராக்டோமீட்டர் தொட்டியின் உவர்ப்பை 35 (ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு) என்று காட்டியது, அதை ஆர்.ஓ. நீரால் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்திருந்ததால் நம்பிவிட்டேன். பிறகு உவர்ப்பு 35 என்று உறுதி செய்யப்பட்ட அளவுத்திருத்தக் கரைசலை அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது, நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 32-இல் நின்றது. அப்படியானால் தொட்டியின் உண்மையான உவர்ப்பு ஏறத்தாழ 38. உவர்ப்பு சரியாக இருந்திருந்தால் கால்சியம் 480 அளவில்தான் இருந்திருக்கும். ஆகவே, எந்த மருந்தையும் வாங்கும் முன் இந்தக் கரைசலை வாங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. உவர்ப்பு கூடியிருந்தால், தொட்டி நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரைச் சேருங்கள், ஒரு நாளில் 1 அலகுக்கு மேல் இறக்காதீர்கள்.

மீதமுள்ள உயர்வுக்கு, கால்சியம் கரைசல் ஊற்றுவதை நிறுத்துங்கள். காரத்தன்மைக்கான கரைசலை மட்டும் நிறுத்தவே கூடாது. பவளங்கள் 20 பிபிஎம் கால்சியத்தை எடுக்கும்போது ஏறத்தாழ 2.8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) காரத்தன்மையையும் எடுத்துக்கொள்கின்றன. 50 பிபிஎம் இறங்குவதற்குள் 7 டிகேஎச் செலவாகிவிடும். என் தொட்டி நாளொன்றுக்கு அரை டிகேஎச் எடுத்துக்கொண்டதால் அந்த இறக்கத்துக்கு 14 நாட்கள் ஆயின. 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சமையல் சோடா போதும், அதை ஆர்.ஓ. நீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். மெக்னீசியம் 1250 பிபிஎம்முக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் படிவு விரைவாக உருவாகும்.

பவளங்கள் குறைவாக உள்ள புதிய தொட்டியில் நீர் மாற்றமே சிறந்த வழி. ஆனால் புதிதாகக் கலந்த உப்பு நீரின் கால்சியத்தையும் சோதியுங்கள். அது 420 ஆக இருந்தால், 20 சதவீத மாற்றம் ஒன்று 520-ஐ 500-க்குத்தான் இறக்கும். ஐந்து முறை மாற்றினால் 453-க்கு வரும்.

பின்னர் சேர்த்தது: கரைசலை நிறுத்தி மூன்று வாரங்களாகியும் கால்சியம் இறங்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், ஆவியான நீருக்கு ஈடாக அவர் தினமும் சுண்ணாம்பு நீர் ஊற்றிவந்தது தெரிந்தது. பவளங்கள் எடுக்கும் அதே விகிதத்தில் சுண்ணாம்பு நீர் கால்சியத்தையும் காரத்தன்மையையும் திருப்பித் தருவதால், ஏறிய கால்சியம் ஏறியபடியே நிற்கும். அளவு 450-க்கு வரும்வரை ஆவியான நீருக்கு வெறும் ஆர்.ஓ. நீரையே ஊற்றி, காரத்தன்மையைச் சமையல் சோடாவால் தாங்கிப்பிடியுங்கள்.