ஒரு கைப்பேசி, 40 அட்டைகள்: அறிவியல் வகுப்பில் உடனடிச் சோதனை

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையாட்டும். விடைத்தாள் திருத்தும்போதுதான் உண்மை தெரியும். அதற்குள் இரண்டு பாடம் தாண்டியிருப்போம். பிளிக்கர்ஸ் (Plickers) அட்டைகள் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மாணவர்கள் விடையாகத் தூக்கிக் காட்டும் அட்டைகளை ஆசிரியரின் கைப்பேசிச் செயலி கேமராவால் படித்துப் பதிவு செய்யும். மாணவர்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி, கேள்வியைக் காட்ட ஒரு கணினியும் திரையும், இணைய இணைப்பு, அவ்வளவுதான்.

பிளிக்கர்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, 40 அட்டைத் தொகுப்பைக் கெட்டித்தாளில் அச்சிடுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவால் படிக்க முடியாது. அட்டை எண்ணை மாணவர் பெயரோடு இணைத்துவிடுங்கள். அட்டையின் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி விடைகளைக் குறிக்கும்; எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல் கறுப்பு வடிவத்தை மறைத்தால் விடை பதிவாகாது.

கருவியைவிடக் கேள்விதான் முக்கியம். தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் ஒரு தவறாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் உள்ளன, முதல் பல்போடு ஒப்பிட்டால் இரண்டாவதில் பாயும் மின்னோட்டம் எப்படி இருக்கும்? ஏ: குறைவு, பி: சமம், சி: அதிகம், டி: சுழி. முதல் பல்பு மின்னோட்டத்தைச் "செலவழித்துவிடும்" என நினைப்பவர்கள் ஏ-யைக் காட்டுவார்கள். அவர்கள் யார் என்று அறியத்தான் இந்தக் கேள்வியே.

ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்க விட்டு, அட்டைகளை ஸ்கேன் செய்யுங்கள். விடை வரைபடத்தைத் திரையில் காட்டிவிடாதீர்கள். காட்டினால் எல்லாரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்வார்கள். ஹார்வர்டு இயற்பியலாளர் எரிக் மசூரின் சக மாணவர் கற்பித்தல் முறையில் ஒரு கணக்கு உண்டு. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தை வேறு வழியில் மறுபடி நடத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடைப்பட்டதுதான் நல்ல விளைச்சல்: வேறு விடை காட்டியவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

இரண்டாம் முறை எண்ணிக்கை ஏறியதும் நம்பிவிட வேண்டாம். நன்றாகப் படிக்கும் பிள்ளை சொன்னதை அப்படியே ஏற்றவர்களும் அதில் இருப்பார்கள். அதனால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) தளத்தில் உள்ள இலவச மின்சுற்று சிமுலேஷனைத் திறந்து, பல்புகளுக்கு முன், நடுவில், பின் என மூன்று இடத்திலும் அம்மீட்டரை வைத்துக் காட்டுங்கள். அளவு மாறாது. உடனே மூன்று பல்புகளோடு அதே வகைக் கேள்வி ஒன்று.

ஊக்கம் கொடுக்கக் கஹூட் (Kahoot) என்ற இணைய வினாடி வினாப் போட்டியும் வைக்கலாம், ஆனால் அதன் வழக்கமான புள்ளிமுறை வேகத்துக்குப் பரிசு தருவது. கருத்துக் கேள்விகளுக்கு நேர வரம்பைக் கூட்டுங்கள். முதல் வாக்குக்கு மதிப்பெண் போடவே கூடாது. போட்டால் பயந்து அடுத்தவர் அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

வகுப்பு முடிந்ததும் அறிக்கையைத் திறந்து, இரண்டு கேள்வியிலும் ஏ காட்டியவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்கள் கையில் நிஜ மின்கலம், பல்பு, அம்மீட்டரைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.