வேக்குவம் கேஜ்: இன்ஜின் கோளாறை முள்ளைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி?

இன்ஜினைப் பிரிக்காமலே வால்வு, பிஸ்டன் ரிங், கேஸ்கட் எப்படி இருக்கின்றன என்று ஓரளவு தெரிந்துகொள்ள, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வேக்குவம் கேஜ் போதும். இது பெட்ரோல் இன்ஜினுக்கான சோதனை. டீசலை விட்டுவிடுங்கள்.

முதலில் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். அப்புறம் அணைத்துவிட்டு, த்ராட்டிலுக்கும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) இன்ஜினுக்கும் இடையில், இன்டேக் மேனிபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) இருந்து வரும் ஒரு வேக்குவம் ஹோஸில் 'T' வடிவ இணைப்பு போட்டு கேஜை மாட்டுங்கள். த்ராட்டிலுக்கு முன்னால் மாட்டினால் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது) முள் அசையாது. கேஜ் ஹோஸ் ஃபேன், பெல்ட் பக்கம் போகாதபடி ஒதுக்கி வையுங்கள்.

ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் பாருங்கள். நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 22 அங்குலத்துக்குள் (பாதரச அங்குலம், inHg) ஆடாமல் நிற்கும். இது கடல் மட்டக் கணக்கு. ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் சுமார் 1 அங்குலம் குறையும். என்னைக் கேட்டால், எண்ணைவிட முள் ஆடும் விதத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆடாமல் தாழ்வாக நின்றால் இக்னிஷன் டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது எங்கோ காற்றுக் கசிவு. சீரான இடைவெளியில் டக் டக்கென்று கீழே விழுந்து எழுந்தால் ஒரே ஒரு சிலிண்டரில் கோளாறு: வால்வு எரிந்திருக்கலாம், பிளக் சரியாகப் பொறி விடாமலும் இருக்கலாம். ஐடிலிங்கில் படபடத்து, வேகம் கூட்டினால் அடங்கினால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்மானம். வேகம் கூட்டும்போது படபடப்பு அதிகமானால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

அடுத்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி, உடனே காலை எடுத்துவிடுங்கள். முள் பூஜ்ஜியத்துக்கு அருகே விழுந்து, 24, 25 வரை எகிறி, பழைய இடத்துக்கு வர வேண்டும். அந்த எகிறல் குறைவாக இருந்தால் ரிங் மீது சந்தேகம்; கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை) செய்து உறுதிப்படுத்துங்கள்.

பிறகு 2500 ஆர்பிஎம்மில் சிறிது நேரம் பிடித்து வையுங்கள். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்ஸரோ, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது.

காற்றுக் கசிவு என்று தோன்றினால் எதையும் கழற்ற அவசரப்படாதீர்கள். ஐடிலிங்கிலேயே வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது முள் மேலே ஏறுகிறதோ, கசிவு அந்தப் பக்கம்தான். எதிலும் ஏறவில்லையா? மேனிபோல்ட் கேஸ்கட்டைப் பாருங்கள்.