எஞ்சின் எண்ணெய்க் கசிவு: வீட்டில் பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கார் நிறுத்தும் முன்வாசலுக்குப் பெரும்பாலும் ஓடு பதித்திருப்பார்கள். அந்த வெளிர்நிறத் தரையில் ஒரு நாள் காலை கறுப்பாக இரண்டு சொட்டு தெரிந்ததும், அதற்கு நேர் மேலே உள்ள பாகம்தான் பழுது என்று முடிவு செய்துவிடுகிறோம். பணத்தை வீணாக்கும் தவறுகளில் முதன்மையானது இதுவே. செந்தூலில் குடியிருந்தபோது, எஞ்சினின் அடித்தொட்டி விளிம்பு ஈரமாக இருக்கிறது என்று ஒரு பட்டறையில் அதன் கேஸ்கெட்டை (இணைப்பில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டையை) மாற்றினேன்; இரண்டே வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் சொட்டியது. உண்மையில், மேலே வால்வு மூடியின் ரப்பர் கேஸ்கெட் வெப்பத்தில் விறைத்துப்போய், பின்மூலையில் கசிந்த எண்ணெய் கண்ணில் படாமல் வழிந்து அடித்தொட்டியின் விளிம்பில் வந்து தேங்கியிருந்தது. எண்ணெய் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே, ஈரம் தெரியும் இடங்களுள் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னதாக, சொட்டியது மினியாக் ஹித்தாம், அதாவது கறுப்பு நிற எஞ்சின் எண்ணெய்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு வெள்ளை அட்டையை இரவில் எஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்தால் காலையில் நிறம் தெளிவாகத் தெரியும். நம் ஊர் வெக்கையில் ஏர்கோன் விடும் தண்ணீர் நிறமற்றது. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ரேடியேட்டர் நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ஆட்டோ கியர் எண்ணெயும் பவர் ஸ்டீரிங் எண்ணெயும் பெரும்பாலும் சிவப்பு.

அடுத்த தவறு, அழுக்கின் மேலேயே கசிவைத் தேடுவது. பல ஆண்டுத் தூசியும் எண்ணெயும் படிந்த எஞ்சினில் பழைய ஈரத்தையும் புதிய ஈரத்தையும் எவராலும் பிரித்தறிய முடியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். உயர் அழுத்த நீரைப் பீய்ச்சக் கூடாது. காய்ந்த பின் சந்தேகமான இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவி, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், பவுடரில் முதலில் கறை விழுந்த இடம் தெரிந்துவிடும். நிறுத்திய நிலையில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, கசிவு இல்லை என்று திருப்தியடைவதும் தவறு. சில கசிவுகள் கெந்திங் மேட்டில் ஏறுவதுபோல் எஞ்சின் சுமை தாங்கும்போதுதான் வெளிப்படும். அப்படியும் பிடிபடாவிட்டால், எஞ்சின் எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கிச் சேர்த்து, இரவில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கலாம்.

ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும், ஒரு நொடிகூட, போகக் கூடாது. நம் வாசல்கள் பலவும் மழைநீர் வடியச் சரிவாகக் கட்டப்பட்டவை; அங்கே ஜாக்கி எளிதில் நழுவும். சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டை நிறுத்திய பிறகே குனிய வேண்டும்.

மூலத்தைக் கண்டுபிடித்தவுடன் ஸ்பானரை எடுத்து ஆணிகளை இயன்ற மட்டும் இறுக்குவது பலருக்குப் பழக்கம். வால்வு மூடியின் ஆணிகளுக்குப் பல சிறிய கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். அதற்கு மேல் இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கும், அலுமினிய மரை கழன்றுபோகும். பிறகு சிறிய செலவு பெரிய செலவாகிவிடும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவில், நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். சிலிக்கன் பசையை அப்புவது அதைவிட ஆபத்தானது. உட்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து அடித்தொட்டியில் விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடக்கூடும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட மூலைகளில் மட்டும் மெல்லிய கோடாகப் பூசி, குப்பியில் எழுதியிருக்கும் நேரம்வரை காயவிட வேண்டும். எண்ணெய் மாற்றிய மறுநாளே கசிந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து அதன் மேல் புதிய ஃபில்டர் பொருத்தப்பட்டதா என்றும், வடிகால் ஆணிக்குப் பழைய வாஷரையே போட்டார்களா என்றும் முதலில் பாருங்கள்.

எல்லாக் கேஸ்கெட்டையும் மாற்றியும் கசிவு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பெரும்பாலோர் கவனிக்காத பி.சி.வி. வால்வைச் சோதிக்க வேண்டும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் இந்தச் சிறு வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் கூடி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளிவிடும். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலான வால்வுகள் கலகலக்கும். கலகலக்காதவற்றை மாற்றிவிடுவது நல்லது. மிகக் குறைந்த விலைப் பாகம் இது. கசிவை நிறுத்துவதாக விற்கப்படும் கலவைகள் விறைத்த ரப்பரைச் சற்று இளக வைக்கலாம். கிழிந்த கேஸ்கெட்டை அவை ஒட்டுவதில்லை.

தீபாவளிக்கு நெடுஞ்சாலையில் பினாங்குவரை போகவேண்டியிருந்தால், கசிவு சிறிதாகத் தோன்றினாலும், புறப்படும் முன்பும் வழியில் வண்டி நிறுத்தும் இடங்களிலும், எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து எண்ணெய் அளவுக்கோலைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். சிவப்பு எண்ணெய் விளக்கு எரியும்வரை காத்திருக்கக் கூடாது. அது காட்டுவது எண்ணெய் அழுத்தக் குறைவை, எரிந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். புகைபோக்கிக் குழாயின் மேல் எண்ணெய் சொட்டிக் கருகிய வாடை வந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

கியர்பாக்ஸை இறக்கினால்தான் எட்டும் பின்பக்க கிராங்க் சீலையும் (சுழல்தண்டின் எண்ணெய்த் தடுப்பு வளையம்), டைமிங் பெல்ட்டை நனைத்துவிட்ட கசிவையும் பட்டறையிடம் விடுவதே சரி. வடித்த எண்ணெயை வாசல் கால்வாயில் ஊற்றுவது குற்றம்; மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் அபாயக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது, நம் கால்வாய்களோ கிள்ளான் ஆற்றில்தான் சேர்கின்றன. பழைய எண்ணெய்ப் போத்தலிலேயே ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.