கடல் பார்த்த அறை இருக்கட்டும், ராத்திரி நர்ஸ் யார்?

சொகுசு போதை மறுவாழ்வு மையம் ஒன்றைப் பார்க்கக் கிளம்பும் முன் அதன் முழு விலாசத்தை வாங்கிவிடுங்கள். போனில் 'பாண்டிச்சேரி' என்பார்கள். ஆனால் ஈ.சி.ஆரில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டிக் காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. தெற்கே முள்ளோடை வரை புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, குடி, போதைக்கு ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம், கட்டடம் எந்த எல்லையில் நிற்கிறதோ அந்த மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழில் பெயர், விலாசம், காலாவதித் தேதி மூன்றையும் ஒத்துப் பாருங்கள். தற்காலிகப் பதிவு 12 மாதத்துக்குத்தான். டிரஸ்ட் பதிவோ ஐ.எஸ்.ஓ. முத்திரையோ இதற்கு ஈடாகாது. நோயாளியோ குடும்பமோ புகார் சொல்லக்கூடிய மனநல மறுஆய்வு வாரியத்தின் விலாசமும் போன் நம்பரும் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். வரவேற்பறையில் ஓவியம் தொங்குகிறது, இது இல்லை என்றால் அங்கேயே யோசிக்கத் தொடங்கலாம்.

நிறையப் பேர் கேட்காமல் விடுவது முதல் ஐந்து நாளைப் பற்றி. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத உளறல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்ற பயம், காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

அதனால் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு இந்தக் கட்டடத்தில் விழித்திருப்பது யார்? பயிற்சி பெற்ற நர்ஸ் என்று பதில் வந்தால் டியூட்டி ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். 'நம்ம பையன்கள் இருக்காங்க' என்றால், பெரும்பாலும் அங்கேயே சிகிச்சை பெற்றுத் தங்கிவிட்டவர்கள்தான் அந்தப் பையன்கள். அவர்கள் ஆறுதல் சொல்லலாம், வலிப்பைச் சமாளிக்க முடியாது. நடுக்கம், வியர்வை, குழப்பம் இவற்றுக்கு மதிப்பெண் போடும் சார்ட் ஒன்றின் வெற்றுத் தாளையும் கேளுங்கள். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்துகளை அந்த மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டவருக்கு லோராசெபாம் பக்கம் போவார்கள். எல்லோருக்கும் ஒரே ஊசி போட்டுத் தூங்கவைக்கிற இடம் வேண்டாம்.

'வந்ததும் தெம்புக்கு ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுவோம்' என்ற பேச்சைக் கேட்டால் உஷாராகுங்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வறண்டு போயிருக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு வரக்கூடும்.

இந்த முதல் ஐந்து நாட்களில் தனியறை என்பது வசதி என்பதைவிட ஆபத்தாகவே இருக்கலாம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வெளியிலிருந்து திறக்க வழி உண்டா, பாத்ரூமில் விழுந்தால் யாருக்குத் தெரியும், பால்கனிக் கம்பி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி என்றும் எழுதி வாங்குங்கள். கோரிமேட்டு ஜிப்மருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று சனிக்கிழமை சாயங்கால ஈ.சி.ஆர். நெரிசலை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

'வண்டி அனுப்புறோம், ஆள் தூங்கும்போது நாலு பேர் வந்து தூக்கிட்டு வந்துடுவோம்' என்று சொல்லும் மையத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சம்மதித்து வருபவரை அவரே கையெழுத்திட்டுச் சேர்க்க வேண்டும். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரை அதே மனநலச் சட்டத்தின் பிரிவு 89-ன் கீழ் சேர்க்க, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் 30 நாள் வரைதான். சங்கிலி போடக் கூடாது, கட்டாய மொட்டை கூடாது. 'ஒரு மாசம் போனும் கிடையாது, பார்க்கவும் வராதீங்க' என்பதும் செல்லாது. நேரம் வைத்து ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது.

மனநல மருத்துவரின் பெயரைத் தேசிய மருத்துவ ஆணையப் பதிவேட்டிலும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெயரை இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவேட்டிலும் தேடுங்கள். பதிவு எண் கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில். மருத்துவர் வாரத்தில் எத்தனை முறை நேரில் வருகிறார், தனிக் கவுன்சலிங் எத்தனை மணி நேரம் என்பதை அட்டவணையில் பாருங்கள். மசாஜ், யோகா, குதிரையேற்றம் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். '95 சதவீதம் குணம்' என்று சொல்பவரிடம் யாரை, எத்தனை மாதம் கழித்து எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

பணத்தில் சண்டை வருவது பேக்கேஜில் சேராத விஷயங்களில்தான்: ரத்தப் பரிசோதனை, மருந்து, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரிக்கு மாற்றிய நாட்களின் அறை வாடகை. நடுவில் கிளம்பினால் எவ்வளவு திரும்பும் என்பது முன்பணம் கட்டும் முன்பே தாளில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸை நம்பிக் கட்டாதீர்கள். மன நோய்க்கு உடல் நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பல பாலிசிகளில் குடி, போதைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. எக்ஸ்க்ளூஷன் 12 என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் பாதி வேலை. கடலூர்க்காரர் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வரும் வழியில் எத்தனை மதுக்கடை என்று நினைத்துப் பாருங்கள். வலி மாத்திரையோ ஹெராயினோ எடுத்தவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: சில வாரம் விட்டதில் உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆறு மாதத்துக்காவது யார், எந்தத் தேதியில், எங்கே பார்ப்பார் என்ற திட்டம் டிஸ்சார்ஜுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துடுங்க' என்று கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். அதன்மேல் குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரும், இதயம் பலவீனமானவர் சாகவும் கூடும். அவர் அறிந்து, சம்மதித்து எடுத்தால்தான் அது மருந்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மருந்துக்கும் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் இருக்கிறதா பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.