ஞாயிற்றுக்கிழமை தித்திவங்சா ஏரிக்கு வாங்க

கோலாலம்பூர் வந்த முதல் இரண்டு மூன்று மாதம் வேலை, வாடகை அறை, பெர்மிட் என்றே ஓடிவிடும். அப்புறம் ஞாயிறுகள் கனக்க ஆரம்பிக்கும். அப்படி இருக்கும் தம்பி தங்கைகளை நான் படகு வலிக்கத் தண்ணீருக்குத்தான் கூட்டிப்போவேன்.

ஆரம்பத்துக்கு தித்திவங்சா ஏரி போதும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் என்ற நகர ரயில்கள் மூன்றும் தித்திவங்சா நிலையத்துக்கு வரும். அங்கிருந்து நடந்தே போகலாம். புத்ராஜெயா ஏரி அழகுதான். ஆனால் பெரிய திறந்த நீர்ப்பரப்பு, காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கை பழகிய பிறகு போங்கள்.

இங்கே பெரும்பாலும் கிடைப்பது கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகு. அதன் துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டை, அதாவது தண்ணீரைத் தள்ளும் அகன்ற பகுதி, உண்டு. கேனூ என்ற இன்னொரு வகைச் சிறு படகின் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும்தான்.

கரையில் இருக்கும் பையன் மலாயில் "பாண்டாய் பெரெனாங்?" என்று கேட்டால், நீந்தத் தெரியுமா என்று அர்த்தம். தெரியாவிட்டால் கூச்சப்படாமல் "தாக் பாண்டாய்" என்று சொல்லிவிடுங்கள். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் மாட்டுங்கள். ஏறும்போது குனிந்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து, நடுவில் கால் வைத்து, உடனே உட்காருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு தம்பி முதல் நாள் கைபலத்தை நம்பியே வலித்தான். பத்து நிமிடத்தில் முழங்கைக்குக் கீழே மரத்துப்போனது. ஆட்டுக்கல்லில் மாவாட்டும் அம்மாவைப் பார்த்திருப்பாயே, கையோடு உடம்பும் சேர்ந்து சுற்றுமே, அப்படிச் செய் என்றேன். தோளைத் திருப்பி, கால்விரல் பக்கம் துடுப்பை நேராக இறக்க வேண்டும். தட்டை முழுக்க நனைந்ததும் உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும். இடுப்பு வரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுத்தால் படகு வேகம் எடுக்காது, அதன் முகம்தான் திரும்பும். நாலு இழுப்பில் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

கேனூ கிடைத்தால் இன்னொன்று பழக வேண்டும். வலப்பக்கமே வலித்தால் படகு இடப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி, தண்ணீரைப் படகிலிருந்து வெளியே லேசாகத் தள்ளுங்கள். படகு நேர்ப்படும். இருவர் போனால் ஆளுக்கொரு பக்கம் வலிக்க வேண்டும். முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். அது மிதக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். இங்கே மத்தியானத்துக்கு மேல் இடிமழை சகஜம், ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் இன்னும் அதிகம். முதல் இடி காதில் விழுந்தால் கரைக்கு வந்துவிட வேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்ற பேச்சே வேண்டாம்.

பினாங்குக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர்களுக்கு: அங்கே பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் வலிப்பது கடலில். அலையும் காற்றும் ஏரி மாதிரி இருக்காது. தேசியப் பூங்காப் பக்கத்துத் தண்ணீரில் கொடிய பெட்டி ஜெல்லிமீன் உண்டு, முழுக்கைச் சட்டை போடாமல் இறங்காதீர்கள்.

பாஸ்போர்ட்டைப் படகில் கொண்டுபோக வேண்டாம். கரையில் இருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.