செட்டிநாட்டில் மரம் நடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் மரம் நடு விழா என்றால் பெரும்பாலும் ஜூன் 5தான். உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று பேனர் கட்டி, நூறு கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு கலைவார்கள். தேதி பேனருக்குப் பொருந்துகிறது, மண்ணுக்குப் பொருந்தவில்லை. இங்கே நம்பி இருக்கக்கூடிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் வைத்த கன்று ஒன்றரை மாதத்தில் ஆடிக்காற்றில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றால் ஆவணியில் வெறும் குச்சிதான் மிஞ்சும். புரட்டாசியில் குழி தோண்டி வைத்து, நல்ல மழை ஒன்று இறங்கியதும் நடுங்கள். விழா ஜூனில்தான் வேண்டுமென்றால் வேலி அடைக்கும் விழா நடத்திக்கொள்ளலாம்.

அடுத்தது குழி. பல இடங்களில் மேலாகக் கொஞ்சம் செம்மண், கீழே செம்புராங்கல். கடப்பாரை ‘ணங்’ என்றதும் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். வேர் கீழே இறங்க வழியில்லாமல் தொட்டிக்குள் சுற்றுவதுபோல் சுற்றும். சிரமம்தான், ஆனாலும் மூன்றடிக்கு மூன்றடி தோண்டி, சரளையைத் தள்ளிவிட்டு, நல்ல மண்ணும் மக்கிய எருவும் போட வேண்டும். பாலித்தீன் பையோடு கன்றை இறக்குவதையும் பார்த்திருக்கிறேன். கேட்டால், “மக்கிடும்ணே” என்கிறார்கள். மக்காது.

என்ன மரம்? சீக்கிரம் வளரும் என்று மயில்கொன்றையை (குல்மோஹர்) வாங்கிவிடுகிறார்கள். அது மடகாஸ்கரிலிருந்து வந்தது. கிளைகள் காற்றுக்கு எளிதில் ஒடியும். பக்கத்துக் கோயில் காட்டுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பது எது என்று தெரியும். வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல் எல்லாம் இந்த மண்ணுக்குத் தாங்கும். அரசும் ஆலும் நல்ல மரங்கள்தான், ஆனால் பழைய வீட்டுச் சுவரோரம் வேண்டாம்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு ஊருணியில் நடப்பது. அழகுபடுத்துகிறோம் என்று வரத்துக்காலுக்குள்ளேயே வரிசையாக நட்டுவிடுகிறார்கள். மேட்டில் பெய்கிற மழை அந்த வழியாகத்தான் ஊருணிக்கு வந்தாக வேண்டும். மரம் பெருத்ததும் சருகும் மண்ணும் தேங்கி வழி அடைபடும். மரம் வைக்கப்போய் தண்ணீரை இழந்த கதையாகிவிடும். கரைக்குப் பனை இருக்கவே இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் விதையைப் புதைத்தால் போதும், குடம் சுமக்க வேண்டியதில்லை.

அப்புறம், யார் பார்த்துக்கொள்வது? முன்னோரை வணங்கும் படைப்புக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கன்று வைத்துவிட்டு மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆடு ஊரிலேயே இருக்கிறது. நூறு கன்றுக்குச் செலவழிக்கிற பணத்தில் இருபது வைத்து, சீமைக்கருவேல முள்ளால் வேலி கட்டி, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவருக்குக் கூலி பேசி வையுங்கள். இரும்புக் கூண்டு போட்டிருந்தால், மரம் தடித்ததும் கழற்ற வேண்டியதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். நன்கொடையாளர் பெயர் எழுதிய கூண்டு பட்டைக்குள் புதைந்து நிற்கும் வேம்பு எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கிறது.