ஆடை களைந்து சோதனை: அமெரிக்க உள்ளூர்ச் சிறைகள் மீது வழக்குத் தொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் சிறை என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் இடத்தை அமெரிக்கர்கள் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். தண்டனை பெற்றவர்களை மாநில அரசு அடைத்து வைக்கும் சிறை ஒன்று. கைதானவர்களை முதலில் கொண்டுபோய் வைக்கும், பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற பகுதியின் ஷெரிஃப் (காவல் தலைமை அதிகாரி) பொறுப்பில் உள்ள உள்ளூர்ச் சிறை மற்றொன்று. பின்னதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். யாருடைய காவலில் சோதனை நடந்தது என்பதைப் பொறுத்தே எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்பது என்பது முடிவாகும். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே ஆடை களைந்து சோதிக்கப்பட்டபோது நம் நாட்டில் எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். அவரைச் சோதித்தது கூட்டாட்சி அரசின் மார்ஷல் துறை. மாநில, உள்ளூர் அதிகாரிகள் மீது குடிமை உரிமைகள் சட்டத்தின் 1983ஆம் பிரிவின்படி தொடுக்கும் வழக்கை அத்துறையின் மீது தொடுக்க முடியாது.

ஃபுளோரன்ஸ் வழக்கின் தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான், என் பார்வையில், மிகப் பெரிய தவறு. 2005இல் நியூஜெர்சியில் மனைவி ஓட்டிய காரில் சென்றுகொண்டிருந்த ஃபுளோரன்ஸ் என்பவர், ஏற்கெனவே கட்டி முடித்த அபராதத்துக்கான வாரண்ட் கணினிப் பதிவிலிருந்து நீக்கப்படாத காரணத்தால் கைது செய்யப்பட்டு, இரண்டு கவுண்டி சிறைகளில் ஆடை களைந்து சோதிக்கப்பட்டார். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிறையின் பொதுப் பிரிவில், அதாவது மற்ற கைதிகளோடு, சேர்க்கப்படும் எவரையும், அவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் எவ்வளவு சிறியதானாலும், தனிப்பட்ட சந்தேகம் ஏதுமின்றி இவ்வாறு சோதிக்கலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஓக்லஹோமா குண்டுவெடிப்பை நடத்திய மெக்வெயும் முதலில் பிடிபட்டது எண் பலகை இல்லாத காரை ஓட்டியதற்காகத்தான் என்று நீதிபதி கென்னடி சுட்டிக்காட்டினார். அவரைப் பிடித்துக்கொடுத்தது எந்த ஆடை களைந்த சோதனையும் அல்ல என்பதால், அந்த உதாரணம் எனக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

ஆயினும் பெரும்பான்மைக்குத் துணைநின்ற தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் நீதிபதி அலிட்டோவும் தனித்தனியே எழுதிய கருத்துகளில் கதவை முழுவதுமாகச் சாத்தவில்லை. நீதித்துறை அதிகாரி முன் இன்னும் நிறுத்தப்படாதவர், பொதுப் பிரிவில் சேர்க்கப்படாமல் தனியே வைக்கப்படக்கூடியவர் ஆகியோர் நிலை வேறாக இருக்கலாம் என்பது அலிட்டோவின் கருத்து. எனவே கட்சிக்காரர் எந்த அறையில், யாருடன், எத்தனை மணி நேரம் வைக்கப்பட்டார், பிணையில் எப்போது வெளியே வந்தார் என்ற விவரங்களைத் திரட்டாமலே மனுவை எழுதும் வழக்கறிஞர், தன் கையிலிருக்கும் வலுவான வாதத்தைத் தானே கைவிடுகிறார்.

நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும், அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்தை மட்டும் நம்பி, மாநிலச் சட்டத்தை மறந்துவிடுவது அடுத்த தவறு. சந்தேகமின்றி இத்தகைய சோதனை நடத்துவதைக் குறைந்தது 10 மாநிலங்களின் சட்டங்கள் தடுப்பதாக அதே வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பிரேயர் குறிப்பிட்டார். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 4030ஆம் பிரிவின்படி, ஆயுதம், போதைப்பொருள், வன்முறை ஆகியவற்றோடு தொடர்பில்லாத சிறு குற்றத்துக்காகக் கைதானவரைப் பொதுப் பிரிவில் சேர்ப்பதற்கு முன் ஆடை களைந்து சோதிக்க வேண்டுமானால், குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய தகவல்களின் அடிப்படையில் எழுந்த நியாயமான சந்தேகமும், பணியிலிருக்கும் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தேவை. அந்த அனுமதித்தாளைக் கேட்டுப் பெறுவதில்தான் பல வழக்குகள் தொடங்க வேண்டும்.

சோதிக்கலாமா என்ற கேள்வியிலேயே வாதத்தை முடித்துக்கொண்டு, எப்படிச் சோதித்தார்கள் என்பதைக் கேட்காமல் விடுவோரும் உண்டு. சோதனையின் அளவு, நடத்திய விதம், காரணம், இடம் ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் பெல் எதிர் வுல்ஃபிஷ் தீர்ப்பு வகுத்த அளவுகோல் இன்றும் உயிரோடிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பெண்கள் சிறையில், பேருந்து நிற்கும் திறந்த இடத்தில், பெண்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி ஆடை களையச் செய்தார்கள். அந்த விதம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2017இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்க, 2019இல் 5 கோடியே 30 லட்சம் டாலர் வழங்க கவுண்டி ஒப்புக்கொண்டது. இந்தத் தீர்ப்பும் உடன்பாடும் ஃபுளோரன்ஸ் தீர்ப்புக்குப் பின்னர்தான் வந்தன. ஆண் கைதியைப் பெண் ஊழியர் சோதித்ததை அவசர நிலை ஏதுமில்லாத சூழலில் நியாயமற்றது என்று ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் கூறியதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

சோதித்த காவலரை மட்டும் பிரதிவாதியாக்குவதும் ஆபத்தானது. சட்டம் தெளிவாக இல்லை என்று கூறி அவர், அரசு ஊழியர்களை இத்தகைய வழக்குகளிலிருந்து காக்கும் தகுதிசார் பாதுகாப்பின் கீழ் தப்பிவிடலாம். கவுண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் ஊழியர் தவறு செய்தார் என்பதற்காக மட்டும் கவுண்டி பொறுப்பாகிவிடாது. அதன் கொள்கையோ நெடுநாள் வழக்கமோதான் மீறலுக்குக் காரணம் என்று 1978ஆம் ஆண்டின் மோனெல் தீர்ப்பின்படி நிறுவ வேண்டும்.

காலத்தைத் தவறவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க்கில் 3 ஆண்டுகள், கலிஃபோர்னியாவில் 2, டென்னசியில் ஒன்றே ஒன்று. காவலில் இருக்கும்போதே வழக்குத் தொடுப்பவர், கைதிகள் தொடுக்கும் வழக்குகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறைக்குள் உள்ள முறையீட்டு வழிகளை அவற்றின் கெடுவுக்குள் முதலில் பயன்படுத்தி முடித்திருக்க வேண்டும். பல சிறைகளில் இந்தக் கெடு சில நாட்களே. விடுதலையான பின் தொடுப்பவருக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருப்பவர், சிறையின் கேமரா பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கக் கோரும் கடிதத்தையாவது வெளியே வந்த வாரமே அனுப்பிவிட வேண்டும்.